வாசனை தெரியவில்லையா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2021 மே மாதம் கொரோனா காய்ச்சலெல்லாம் விட்டு எழுந்த மூன்றாம் நாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது, கறிவேப்பிலை பொரிவது கண்ணுக்குத் தெரிகிறது, பெருங்காயத்தைப் போட்டுவிட்டுக் குனிந்து இழுத்துப் பார்க்கிறேன், ஒன்றுமே இல்லை. அப்படி ஆரம்பித்தது ஒன்றரை வருடத்துக்கு மேல் நீண்டது. அப்போதிலிருந்து சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தினர், அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள் என்று பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள், கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நான் மருத்துவர் இல்லை. என் இ.என்.டி. டாக்டரிடம் கேட்டதும், உட்கார்ந்து படித்ததும், பட்டதும்தான் இங்கே இருக்கிறது. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்வியைப் போட்டிருக்கிறேன்.

வாசனை தெரியறதுன்னா மூக்குக்குள்ள என்னதான் நடக்குது?

மூச்சை இழுக்கும்போது காற்றோடு சேர்ந்து பொருளிலிருந்து கிளம்பிய மூலக்கூறுகளும் உள்ளே போகின்றன. மூக்கின் உச்சியில், ஏறக்குறைய இரண்டு கண்களுக்கு நடுவே வரும் உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாகத் தபால்தலை அளவில் ஒரு சவ்வு இருக்கிறது. வாசனையை அறியும் நரம்பு செல்கள் அதில்தான் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள், ஒரு செல்லுக்கு ஒரு வகை. அப்படியென்றால் 400 வாசனைதானா என்றால் இல்லை, ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும், எவையெவை சேர்ந்து கிளம்புகின்றன என்ற கூட்டை வைத்துத்தான் மூளை இது ஏலக்காய், இது ஓமம் என்று பிரிக்கிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டுபிடித்தார்கள், 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, இந்த செல்களின் இழைகள் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு மெல்லிய எலும்பு வழியாக மூளைக்குள் நுழைகின்றன. இரண்டு, இந்த நரம்பு செல்கள் வாழ்நாள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாக முளைக்கின்றன. உடம்பில் இப்படி முளைக்கும் நரம்பு செல்கள் மிகவும் அபூர்வம், நமக்கு இருக்கிற நம்பிக்கையே அதுதான்.

நாக்கு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் சாப்பாட்டுல ருசியே இல்ல?

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்கிற இறைச்சி, காளான், தக்காளியின் கெட்டியான சுவை. நாம் ருசி என்று சொல்வதில் மீதியெல்லாம் மூக்கு போடும் பங்கு. வாயில் மெல்லும்போது கிளம்பும் மணம் தொண்டையின் பின்பக்கமாக மேலே ஏறி, முதல் கேள்வியில் சொன்ன அந்தச் சவ்வைத் தொடுகிறது. வெளியிலிருந்து முகர்வது ஒரு வழி, உள்ளிருந்து ஏறுவது இன்னொரு வழி.

நம்ப முடியவில்லை என்றால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சீரக மிட்டாயை மெல்லுங்கள். வெறும் சர்க்கரைதான் தெரியும். பத்து எண்ணிவிட்டு மூக்கை விடுங்கள், அந்த நொடியில் சீரகம் வாய் முழுக்க வரும். "ருசி போச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போனது வாசனைதான். எனக்கு அந்த நாட்களில் கண்ணை மூடிக்கொண்டால் சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே புளிப்பும் உப்பும் உறைப்புமான சுடுதண்ணீர்.

மிளகாய் வறுத்தா தும்மல் வருது, தைலம் தேச்சா ஜில்லுனு இருக்கு. அப்போ எனக்கு வாசனை தெரியுதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: நெடி. மிளகாய் நெடி, புகை நெடி, ஆசிட் நெடி என்போமே தவிர மல்லிகை நெடி என்று சொல்ல மாட்டோம். எரிச்சல், குளிர்ச்சி, கண்ணீர் வரவைக்கும் காரம் இதையெல்லாம் மூளைக்குச் சொல்வது முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கிற வேறொரு நரம்பு. வாசனை நரம்பு முழுக்கப் போனவருக்கும் அது ஜோராக வேலை செய்யும். அதனால்தான் கற்பூரம், புதினா, வெங்காயம், தைலம் இதையெல்லாம் முகர்ந்துவிட்டு "எனக்கு நல்லாத் தெரியுது" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள்.

வீட்டிலேயே சோதிச்சுப் பாக்க முடியுமா?

ஓரளவு முடியும். காபித் தூள், கிராம்பு, சோப்பு, எலுமிச்சைத் தோல் என்று நெடி இல்லாத நாலைந்து பொருள்களை வேறொருவர் எடுத்து வர, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்க மூக்கை அடைத்து மறுபக்கத்தால் முகர்ந்து சொல்லுங்கள். அப்புறம் பக்கம் மாற்றுங்கள். நடுநடுவே வெறும் டப்பாவையும் நீட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் நம் மனது ரொம்பச் சுலபமாக வாசனையைக் கற்பனை செய்துகொள்ளும். பெயர் சொல்ல வரவில்லை என்பதற்காகப் பயப்படாதீர்கள், நல்ல மூக்கு உள்ளவர்களுக்கே பார்க்காமல் பெயர் சொல்வது தடுமாறும். ஏதோ இருக்கிறது என்று தெரிகிறதா, இதுவும் அதுவும் வேறு என்று தெரிகிறதா, அதுதான் கணக்கு.

சளி பிடிச்சா போகும், சரியானா வந்துடும். இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகணுமா?

சளியால் காற்றே மேலே ஏறாமல் அடைபடுவது ஒருவகை. அது அடைப்பு விட்டதும் வந்துவிடும். சளி போய் இரண்டு மூன்று வாரமாகியும் வாசனை வரவில்லை என்றால் இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். மூக்கில் சதை வளர்ந்திருக்கலாம், நாள்பட்ட சைனஸாக இருக்கலாம், ஒவ்வாமையாக இருக்கலாம். இவையெல்லாம் சிகிச்சையில் கணிசமாகச் சரியாகக்கூடியவை. சிறு குழாய் கேமராவை விட்டு உள்ளே பார்ப்பார்கள், வலிக்காது, கொஞ்சம் கூசும்.

சில நிலைகளில் காத்திருக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் மூக்கு அடைத்து அடிக்கடி ரத்தம் வந்தால் உடனே போங்கள். தலையில் அடிபட்ட பிறகு வாசனை போயிருந்தாலும் போங்கள், அந்தச் சல்லடை எலும்பின் ஓட்டைகளில் நுழையும் இழைகள் அதிர்ச்சியில் அறுந்துபோகக்கூடும், பைக்கிலிருந்து விழுந்தவர்களிடம் இது சகஜம். அப்புறம் சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் அது சளி இல்லை, குழந்தை எதையோ உள்ளே திணித்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். பாசிமணி, புளியங்கொட்டை என்றால் கூடப் பரவாயில்லை, பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். நீங்களே குச்சி விட்டு எடுக்காதீர்கள், நேராக மருத்துவமனைதான்.

கொரோனா வந்தப்போ எனக்கு மூக்கே அடைக்கல, அப்புறம் எப்படி வாசனை போச்சு?

2020இல் மருத்துவர்களையே குழப்பிய கேள்வி இது. கண்டுபிடித்தது என்னவென்றால், அந்த வைரஸ் நுழைவதற்கான வாசல் வாசனை நரம்பு செல்களில் இல்லை, அவற்றைச் சுற்றி நின்று தாங்குகிற துணை செல்களில் இருக்கிறது. தாங்குகிறவர்கள் விழுந்ததும் நரம்பு செல்களால் வேலை செய்ய முடியவில்லை. பலருக்கு ஓரிரு வாரத்தில் துணை செல்கள் மீண்டு வாசனையும் திரும்பியது. என்னைப் போன்றவர்களுக்கு நரம்பு செல்களும் சேர்ந்து அடிபட்டதால், அவை புதிதாக முளைத்து, இழை விட்டு, சல்லடை எலும்பைக் கடந்து மூளையில் சரியான இடத்தைத் தொடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சாதாரண ஃப்ளூ காய்ச்சலிலும் சளி வைரஸ்களிலும் சிலருக்கு இப்படி ஆவது அதற்கு முன்பே தெரிந்ததுதான், நாம்தான் கவனிக்கவில்லை.

அக்கா, வாசனை திரும்பி வந்துச்சு, ஆனா காபி சாக்கடை மாதிரி நாறுது. எனக்கு என்னமோ ஆயிடுச்சா?

ஒன்றும் ஆகவில்லை, இன்னும் சொல்லப்போனால் இது பெரும்பாலும் நல்ல அறிகுறி. எனக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியது. வீட்டில் வெங்காயம் வதக்கினால் ஏதோ ரப்பரும் அழுகலும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒன்று வரும், அதற்கு உலகத்தில் பெயரே கிடையாது, நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். இதற்குப் பெயர் பரோஸ்மியா, வாசனை பிறழ்வு. புதிதாக முளைத்த செல்கள் பாதிதான் இணைந்திருக்கின்றன, முதல் கேள்வியில் சொன்ன அந்தக் கூட்டு அரைகுறையாக மூளைக்குப் போகிறது, மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது.

எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்கள்தான் எதிரி: காபி, வெங்காயம், பூண்டு, முட்டை, பொரித்த கறி, சிலருக்குப் பற்பசைகூட. துளியூண்டு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடுகிற கந்தகச் சேர்மங்கள் போன்றவை இவற்றில் இருப்பதால்தான். சூடாக இருந்தால் இன்னும் மோசம். அதனால் ஆறிய சாப்பாடு, தயிர்சாதம், இட்லி, ராகிக் கூழ், வெள்ளரிக்காய் என்று போங்கள். கூட இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, "நல்லாத்தானே இருக்கு, மனசுல நினைக்காம சாப்பிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நாற்றம் அவர்களுக்கு நிஜம். இந்தக் கட்டத்தில் பலர் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போகிறார்கள்.

எதுவுமே எரியலன்னாலும் புகை வாடை வந்துக்கிட்டே இருக்கு. இதுவும் அதேதானா?

இது வேறு. பரோஸ்மியாவில் எதிரே இருக்கிற பொருள் தப்பாக மணக்கிறது, இதில் பொருளே இல்லை. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறமும் சைனஸிலும் வரலாம், பெரும்பாலும் தானாகக் குறையும். ஆனால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று திடீர் திடீரென்று வந்து போகிறது, அப்போது நினைவு தடுமாறுகிறது என்றால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சில வலிப்புகள் இப்படித் தொடங்குவதுண்டு.

வாசனைப் பயிற்சி, வாசனைப் பயிற்சின்னு சொல்றீங்களே, அது என்ன?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களை நாளுக்கு இரண்டு வேளை, குறைந்தது 12 வாரம் முகர வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைவிட வாசனை கூடுதலாகத் திரும்பியது. பிறகு வந்த ஆய்வுகளும் அதையே காட்டின, நீண்ட காலம் செய்தால் பலன் கூடுகிறது என்றும் தெரிந்தது. இதற்கென்று பணம் கட்டி எதையும் வாங்க வேண்டாம். நான் பயன்படுத்தியது பன்னீர் ரோஜா இதழ் (பிறகு அத்தர்), எலுமிச்சைத் தோல், இடித்த கிராம்பு, நீலகிரித் தைலம். நாலு பழைய ஜாம் பாட்டிலில் பஞ்சு வைத்து மூடி போட்டு வைத்துக்கொண்டேன்.

செய்யும் விதம்: ஒரு பாட்டிலைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்து, ஆழமாக இழுக்காமல் பூனை முகர்கிற மாதிரி சின்னச் சின்னதாக 20 வினாடி. அரை நிமிடம் ஓய்வு, அடுத்தது. முகரும்போது அந்தப் பொருள் முன்பு எப்படி மணந்தது என்று நினைவில் தேடுங்கள், பிரியாணியில் பல்லில் கடிபட்ட கிராம்பு, ஊருக்குப் போகும் பஸ்ஸில் பிழிந்து முகர்ந்த எலுமிச்சை, எதுவானாலும். முதல் இரண்டு மாதம் எனக்கு ஒன்றுமே வரவில்லை. காலி பாட்டிலை முகர்கிறேனோ என்று தோன்றி நிறுத்திவிடத்தான் மனம் வரும், அப்போது நிறுத்தக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நாலையும் மாற்றி ஏலக்காய், சந்தனம், காபி, ஓமம் என்று போகலாம். எல்லாருக்கும் முழுதாக வரும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் கெடுதல் இல்லாத வழி இது.

மூக்குல எண்ணெய் விடறது, துத்தநாகம், சுட்ட ஆரஞ்சு இதெல்லாம் கேள்விப்படறோமே?

சுட்ட ஆரஞ்சு சாப்பிட்டு வாசனை வந்ததற்கு ஆதாரம் இல்லை, வயிற்றுக்குக் கெடுதலும் இல்லை. ஆனால் துத்தநாகம் கலந்த மருந்தை மூக்குக்குள் விடுவது ஆபத்து, அப்படிப் பயன்படுத்தியவர்களுக்கு வாசனை நிரந்தரமாகவே போனதாகப் புகார்கள் வந்ததால் 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பயிற்சிக்குச் சொன்ன தைலங்களையும் முகரத்தான் வேண்டும், மூக்குக்குள் ஊற்றக் கூடாது. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்குகிற சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று விழுங்காதீர்கள். புகைபிடிக்கிறவர்கள் விட்டுவிடுங்கள், விட்டவர்களுக்கு வாசனை தேறுகிறது.

அம்மா தனியா இருக்காங்க, வாசனை தெரியாது. கேஸ் கசிஞ்சா என்ன பண்றது?

எல்லாக் கேள்விகளிலும் நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதுதான். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. நம் மூக்குக்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடியில் வாசனையற்ற எரிவாயு கசிந்து தேங்கி வெடித்தது, கிட்டத்தட்ட 300 குழந்தைகளும் ஆசிரியர்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். அந்தக் காவல் முழுக்க மூக்கை நம்பியது, மூக்கு இல்லாதவர்களுக்கு வேறு காவல் வைக்க வேண்டும்.

கேஸ் கசிவுக்கு ஒலி எழுப்பும் கருவி கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், அதனால் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். குழாய் வழி இயற்கை எரிவாயு என்றால் அது லேசானது, மேலே மாட்ட வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடுவதைப் பல் துலக்குவது போலப் பழக்கமாக்குங்கள். கசிவு என்று தெரிந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு அழையுங்கள். 80 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாசனை உணர்வு குறைந்திருக்கிறது, அவர்களில் பலருக்கு அது தங்களுக்கே தெரியாது. ஆகவே அம்மா "எனக்கு நல்லாத் தெரியும்" என்றாலும் மேலே சொன்ன கண்ணை மூடும் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.

வாசனை தெரியாம எப்படித்தான் சமைக்கிறது? "பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்"னு எல்லாத்துலயும் போட்டிருக்கே!

கண்ணையும் காதையும் கையையும் வைத்துத்தான். மசாலாவின் பச்சை வாசனை போனால் ஓரத்தில் எண்ணெய் பிரியும், இஞ்சி பூண்டு விழுது தெறிப்பதை நிறுத்தி லேசாக நிறம் மாறும், தக்காளி தோல் சுருண்டு மசிந்துவிடும். பாலுக்கு விசில் அடிக்கிற பால் குக்கர் வாங்கினேன், அதற்கு முன் இரண்டு பாத்திரம் கருகிப்போனது, நான் பக்கத்து அறையிலேயே இருந்தும்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள், தேங்காய் அரைத்த எதையும் அன்றே முடித்துவிடுங்கள், சாதமோ பருப்போ நூல் விட்டாலும் பிசுபிசுத்தாலும் தூக்கிப் போடுங்கள், சந்தேகம் வந்தால் வீட்டில் வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள். அப்புறம், சப்பென்று இருக்கிறது என்று உப்பையும் ஊறுகாயையும் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். எலுமிச்சை, மிளகு, மொறுமொறுப்பான அப்பளம் இவை நெடியும் புளிப்பும் சத்தமும் தருகிறவை, அவை நம் பக்கம்தான்.

ஏதோ ஒரு வாசனை வந்ததும் சின்ன வயசு ஞாபகம் குபுக்குனு வருதே, ஏன்?

பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பு நிலையத்துக்குப் போய்த்தான் மற்ற இடங்களுக்குப் பிரியும். வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது, பயம், பாசம் இவற்றோடு சம்பந்தப்பட்ட அமிக்டலாவுக்கும் நினைவைச் சேர்க்கும் பகுதிகளுக்கும் கிட்டத்தட்ட நேர்வழி. அதனால் பெயர் வருமுன்பே உணர்ச்சி வந்துவிடுகிறது. வாசனை கிளப்பும் நினைவுகளில் 10 வயதுக்கு முந்தியவை அதிகம் என்றும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மண்ணெண்ணெய் வாடை பட்டால் பாட்டி வீட்டுத் திரி ஸ்டவ்வும், அதன் முன்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த விதமும்தான் முதலில் வரும், ஸ்டவ் என்ற சொல் அப்புறம்தான்.

மழை வந்தா மண்வாசனை வருதே, மண்ணுக்கு உண்மையிலேயே வாசனை இருக்கா?

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் துளிகள் காய்ந்த மண்ணில் விழும்போது சின்னக் குமிழ்கள் உடைந்து அதைக் காற்றில் தெறிக்கவிடுகின்றன. 1964இல் ஆஸ்திரேலியாவில் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் மழை மணத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள், ஆனால் உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் அதற்கு முன்பிருந்தே சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து மண் அத்தர் செய்துவந்தார்கள். ஏரி மீனில் வருகிற சேற்று வாடையும் பீட்ரூட்டின் மண் வாடையும் இதே ஜியோஸ்மின்தான். அது புளிப்பில் சிதையும், மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் வாடை குறைவதற்குக் காரணம் அது.

நாய் மூக்கோட பாத்தா நம்ம மூக்கெல்லாம் சும்மாதானே?

நாய்க்கு வாசனை செல்கள் நம்மைவிடப் பல மடங்கு அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மனித மூக்கு மட்டம் என்பது 19ஆம் நூற்றாண்டில் மூளையை அளந்த பால் ப்ரோக்கா காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்ணம் என்று 2017இல் ஜான் மெக்கான் என்ற விஞ்ஞானி விரிவாக எழுதினார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 32 பேரின் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கையுறை போட்டு, புல்தரையில் சாக்லேட் மணம் ஏற்றிய கயிற்றை மூக்கால் மட்டும் பின்தொடரச் சொன்னார்கள். தவழ்ந்துகொண்டே மூன்றில் இரண்டு பங்கினர் முடித்துவிட்டார்கள், பழகப் பழக வேகமும் கூடியது. இது 2007இல் வெளியானது. பயிற்சியால் மூக்கு கூர்மையாகும் என்பதற்கு இதைவிட எனக்குத் தெம்பு கொடுத்த செய்தி வேறில்லை.

கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி இருக்குன்னு என் மருமக சொல்றா. நடிக்கிறாளா?

இல்லைங்க, பாவம். 400 ஏற்பிகளிலும் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன மாற்றம் உண்டு. கொத்தமல்லித் தழையிலும் சோப்பிலும் ஆல்டிஹைடு என்ற ஒரே குடும்பத்து மணப் பொருள்கள் இருக்கின்றன, ஒரு குறிப்பிட்ட ஏற்பியின் மரபணு வகை உள்ள சிலருக்கு அதுவே தூக்கலாகத் தெரிகிறது. மல்லிப்பூவிலும் இப்படி ஒன்று உண்டு. அதில் இருக்கிற இண்டோல் என்ற பொருள் மலத்திலும் இருக்கிறது, அடர்த்தியாக இருந்தால் நாற்றம், இம்மியளவு மற்ற மணங்களோடு சேர்ந்தால் மல்லிகையின் அந்தக் கிறக்கம். நாற்றம் என்ற சொல்லே முன்பு கெட்டதைக் குறித்ததில்லை, திருக்குறள் ஐந்து புலன்களின் உணர்வுகளை எண்ணும்போது "சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்" என்றுதான் எண்ணுகிறது.

வாசனை போனா பார்க்கின்சன் வரும்னு படிச்சேன். பயமா இருக்கு.

பார்க்கின்சன் என்பது கை கால் நடுக்கம் தருகிற மூளை நரம்பு நோய். அது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே வாசனை குறைந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் திருப்பிப் போட்டுப் பார்க்கக் கூடாது. வாசனை குறைந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் சளி, சைனஸ், வைரஸ், வயது. காரணமே இல்லாமல் மெல்ல மெல்லக் குறைகிறது, கூடவே மலச்சிக்கல், தூக்கத்தில் கை கால் உதறிக் கத்துவது இருக்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த நோய்க்கே ஒரு வாசனை உண்டு என்று கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் என்ற முன்னாள் செவிலியர். கணவருக்கு நோய் கண்டறியப்படுவதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்பே அவர் மேல் வாசனை மாறியதைக் கவனித்திருந்தார். எடின்பரோவில் 12 டி-ஷர்ட்டுகளைக் கொடுத்து முகரச் சொன்னார்கள். நோயாளிகள் ஆறு பேரையும் சரியாகச் சொன்னார், நோயில்லாத ஒருவரையும் நோயாளி என்றார். அந்த ஒருவருக்கும் எட்டு மாதத்தில் நோய் உறுதியானது. தோலின் எண்ணெய்ப் பசையைச் சோதித்து நோயை அறியும் ஆராய்ச்சி மான்செஸ்டரில் இதிலிருந்துதான் கிளம்பியது.

எனக்குப் பிறந்ததிலிருந்தே எந்த வாசனையும் தெரியாது. நான் என்ன செய்யணும்?

பலருக்கு இது எட்டு, பத்து வயதில்தான் தெரிய வருகிறது, மற்றவர்கள் சொல்வதைப் பார்த்துத் தலையாட்டியே வளர்ந்திருப்பார்கள். பயிற்சியால் இதை உண்டாக்க முடியாது. ஆனால் ஒன்றைப் பரிசோதிக்க வேண்டும். கருவில் வாசனை நரம்புகள் வளரும் பாதையில்தான் பருவ வளர்ச்சியைத் தொடங்கி வைக்கும் ஹார்மோன் செல்களும் நடந்து மூளைக்குப் போகின்றன, பாதை இல்லையென்றால் அவையும் போய்ச் சேராது. இது கால்மன் நோய்க்கூறு. வாசனையும் தெரியாது, 14, 15 வயதாகியும் பையனுக்குக் குரல் உடையவில்லை, பெண் பூப்பெய்தவில்லை என்றால் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை இருக்கிறது. கேஸுக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

என் மேல வேர்வை நாத்தம் அடிக்குதோன்னு யார் பக்கத்துலயும் உட்கார முடியல. குழந்தையைத் தூக்கினாலும் ஏதோ அந்நியமா இருக்கு. இது வெளியில சொல்ற விஷயமா?

சொல்ல வேண்டிய விஷயம். பிறந்த சில நாளிலேயே குழந்தை தாய்ப்பாலின் வாசனை இருக்கும் பக்கம் தலையைத் திருப்பும், அவ்வளவு பழைய உறவு இது. அது அறுந்தால் மனது வெறிச்சோடிப் போவது இயல்பு, வாசனை இழந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுகிறது. காசு பணம் போகவில்லை, கண் போகவில்லை, இதற்கா அழுகிறாய் என்று என்னையும் கேட்டார்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஒரே ஒருவரைப் பிடித்து "என் மேல வாடை வந்தா கூச்சப்படாம சொல்லு" என்று ஒப்பந்தம் போடுங்கள். எனக்கு என் தங்கை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லை, அந்த நிம்மதி பெரிது. தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் இழுத்தால் மனநல மருத்துவரிடம் போங்கள்.

உங்களுக்கு முழுசா திரும்பிடுச்சா?

எலுமிச்சையும் கிராம்பும் முதலில் வந்தன. காபி சாக்கடையிலிருந்து காபியாக மாற 14 மாதம் ஆனது. பெருங்காயம் ஒருநாள் மாலை எதிர்பாராமல் வந்தது, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். வெங்காயம் இப்போது வெங்காயம்தான். சோறு வேகும்போது கொதியில் வருமே ஓர் இளம் வாசனை, அது மட்டும் இன்னும் வரவில்லை. அதற்குப் பாட்டில் கிடையாது, அதனால் தினமும் கஞ்சி வடிக்கும்போது தட்டைச் சற்றே விலக்கி, ஆவி முகத்தில் அடிக்காத தூரத்தில் நின்று 20 வினாடி எண்ணுகிறேன்.